ஒரே ஒரு பிரதி

1921 ஜனவரி 10. வாஷிங்டனில் வணிகத்துறை அலுவலகம் இயங்கிய கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து மாலையில் புகை கிளம்பியது. தீயணைப்புப் படையினர் வந்து தண்ணீரைப் பீய்ச்சியடித்து நெருப்பை அடக்கினார்கள். கட்டடம் தப்பியது, அடித்தளத்தில் அடுக்கியிருந்த தாள்கள் தப்பவில்லை. அவை 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மூலத்தாள்கள். கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் போய், சுமார் 6.3 கோடிப் பேரின் பெயர், வயது, பிறந்த இடம், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா என்பது வரை கையால் குறித்துக்கொண்டு வந்தவை. ஏறத்தாழக் காற்பங்கு எரிந்துபோனது. பாதியளவு தண்ணீரும் புகையும் பட்டுச் சீரழிந்தது.

ஆனால் அந்தத் தாள்களை முழுமையாக ஒழித்தது தீ இல்லை. நனைந்தவற்றில் மீட்கக்கூடியவை நிறைய இருந்தன. அவற்றை அழித்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தபோது, வம்சாவளி ஆய்வாளர்களின் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. தாள்கள் கிடங்குக்குப் போயின, திரும்பி வந்தன, ஆண்டுகள் ஓடின. கடைசியில், இனிப் பயனில்லை என்று கணக்கெடுப்பு அலுவலகம் கழித்துக்கட்டும் காகிதங்களின் பட்டியலில் அவையும் இடம்பிடித்தன. 1933 பிப்ரவரி 21 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் அந்தப் பட்டியலை அழிக்க ஒப்புதல் தந்தது. அதற்கு முந்தைய நாள்தான் அதிபர் ஹூவர் அதே நகரில் தேசிய ஆவணக்காப்பகக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார். 1890 கணக்கெடுப்பின் மக்கள்தொகைத் தாள்களில் இன்று எஞ்சியிருப்பது சுமார் 6,000 பேரின் விவரம் மட்டுமே.

முந்தைய கணக்கெடுப்புகள் பலவற்றில் உள்ளூர் அலுவலகங்களிலும் ஒரு நகல் இருக்கும். 1890இல் அந்தக் கட்டாயம் இல்லை. நாடு முழுவதற்குமாக ஒரே ஒரு பிரதி, ஒரே ஒரு அடித்தளத்தில்.

கூட்டுத்தொகைகள் பிழைத்தன என்பது உண்மை. எந்த மாநிலத்தில் எத்தனை பேர், எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் என்ற அட்டவணைகள் முன்பே அச்சாகி நூலகங்களுக்குப் போயிருந்தன. ஆனால் அட்டவணை என்பது 1890இல் ஓர் அதிகாரி கேட்ட கேள்விக்கான விடை. 1990இல் ஓர் ஆய்வாளர் வேறொரு கேள்வி கேட்க விரும்பினால், ஒவ்வொரு வீட்டின் தாளும் வேண்டும். தரவைக் காப்பது பற்றிய இந்த அத்தியாயம் முழுவதிலும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முடிவுகளைக் காப்பது ஒன்று. முடிவுகளை மறுபடி சரிபார்க்கவும், புதிய கேள்வி கேட்கவும் தேவையான மூலத்தைக் காப்பது இன்னொன்று.

*

அச்சுக் காலத்தில் அமெரிக்கா இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்திருந்தது. 1813இல் நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டு, தன் ஆவணங்களின் பிரதிகளைப் பல்கலைக்கழகங்களுக்கும் மாநில நூலகங்களுக்கும் அனுப்பத் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த வைப்பு நூலகத் திட்டத்தில் இன்று சுமார் 1,100 நூலகங்கள் உள்ளன. அரசு அச்சிடும் ஓர் அறிக்கை நாடெங்கும் சிதறிக் கிடக்கும். தலைநகரில் யாருக்கு மனம் மாறினாலும் அதைத் திரும்பப் பெறுவது லேசான காரியம் இல்லை.

அது எவ்வளவு கடினம் என்பதற்கு 2001 சாட்சி. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், பெரிய நகரங்களின் குடிநீர் ஆதாரங்கள் பற்றிய ஒரு குறுந்தகட்டை அழித்துவிடும்படி வைப்பு நூலகங்களுக்கு அரசு கடிதம் எழுதியது. நிலவியல் அளவாய்வுத் துறை தயாரித்த குறுந்தகடு அது. நூலகர்கள் அழித்தார்கள். ஆனால் ஒவ்வொரு நூலகத்துக்கும் கடிதம் போக வேண்டியிருந்தது. கடிதம் போனதால் செய்தி வெளியே வந்தது, இது சரியா தவறா என்று நூலகத் துறைக்குள் பெரிய விவாதம் நடந்தது. அந்த முடிவு சரியென்றே வைத்துக்கொண்டாலும், என்ன நீக்கப்பட்டது, யார் சொல்லி, எப்போது என்பது பதிவாகிவிட்டது.

இணையம் வந்தபின் நிலைமை தலைகீழானது. அரசின் ஆவணம் அரசின் சர்வரிலேயே இருக்கிறது. உலகில் யாரும் எந்நேரமும் படிக்கலாம் என்பதால் அது எங்கும் இருப்பதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் அது ஓரிடத்தில்தான் இருக்கிறது. நாம் ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம், அவ்வளவே. நூலகத்துக்கு வந்த புத்தகம் நூலகத்தின் சொத்து. இணையப் பக்கமோ வெளியிட்டவரின் தயவில் நிற்பது. நீக்குவதற்கு ஒருவர் உள்ளே நுழைந்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், யாருக்கும் கடிதம் போக வேண்டியதில்லை.

2008இல் இந்த ஆபத்தை நூலகர்கள் முதலில் உணர்ந்தார்கள். புஷ் ஆட்சி முடியும் நேரம். ஆட்சி மாறும்போது துறைகளின் இணையதளங்களை மொத்தமாகப் பதிவு செய்யும் வேலையை 2004இல் தேசிய ஆவணக்காப்பகம் செய்திருந்தது. இம்முறை செய்யப்போவதில்லை என்று அறிவித்தது. உடனே நாடாளுமன்ற நூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ், கலிஃபோர்னியா டிஜிட்டல் நூலகம், வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம், அரசு அச்சகம் ஆகியவை கைகோத்து அதைத் தாங்களே செய்தன. ‘ஆட்சிக்கால முடிவு இணையக் காப்பகம்’ என்ற அந்தத் திட்டம் அதன்பின் நான்காண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடக்கிறது. எந்தக் கட்சி ஜெயித்தது, எந்தக் கட்சி தோற்றது என்று பார்த்து நடப்பதில்லை. இந்த ஒழுங்கைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஆபத்து வந்தபின் ஓடுவதைவிட, ஆபத்து இல்லாதபோதும் செய்துகொண்டே இருப்பது பெரிய காரியம். 2024-25 சுற்றில் மட்டும் 500 டெராபைட்டுக்கும் அதிகமான பக்கங்களும் கோப்புகளும் சேர்ந்தன.

*

2016 டிசம்பர் 17 அன்று கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு சனிக்கிழமைக் கூட்டம் நடந்தது. மாணவர்கள், நூலகர்கள், நிரல் எழுதுவோர் என்று பலர் மடிக்கணினிகளோடு வந்து உட்கார்ந்து, அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் இணையதளத்தைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தார்கள். டொனால்ட் டிரம்ப் முதல்முறை வென்று, இன்னும் பதவி ஏற்காத நாட்கள். காலநிலை பற்றிய தரவுகள் காணாமல் போகும் என்ற அச்சம் விஞ்ஞானிகளிடையே பரவியிருந்தது.

அமெரிக்கத் தரவுக்குக் கனடாவில் ஏன் கூட்டம்? கனடாக்காரர்கள் அதைத் தங்கள் நாட்டிலேயே பார்த்திருந்தார்கள். ஸ்டீஃபன் ஹார்ப்பர் ஆட்சியில் மீன்வளத் துறையின் நூலகங்கள் பல மூடப்பட்டு, அங்கிருந்த புத்தகங்களும் அறிக்கைகளும் கழிக்கப்பட்டன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கட்டாய நீள்படிவம் 2010இல் கைவிடப்பட்டது. 2011இல் விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்ற படிவம் வந்தது, பதில் தந்தோர் குறைந்தார்கள், சிறிய ஊர்கள் பலவற்றின் எண்களை வெளியிட முடியாமல் போனது. 2016இல்தான் நீள்படிவம் மீண்டது. அந்த அனுபவம் இருந்தவர்கள் பக்கத்து நாட்டுக்கு மணியடித்தார்கள்.

அடுத்த மாதமே ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ‘டேட்டா ரெஃப்யூஜ்’ குழு இதேபோல் கூட்டம் நடத்தியது. பிறகு பல நகரங்களில் தொடர்ந்தன. கணிதவியலாளர் ஜான் பாயெஸ் தம் நண்பர்களோடு பொதுமக்களிடம் பணம் திரட்டி, காலநிலைத் தரவுகளின் நகலைச் சேமிக்க ‘அஸிமத்’ என்ற முயற்சியை நடத்தினார். சுற்றுச்சூழல் தளங்களில் எந்தப் பக்கம் எப்போது மாறுகிறது என்று கண்காணிக்க ‘எட்ஜி’ என்ற ஆய்வாளர் கூட்டமைப்பு உருவானது.

இவ்வளவு மனிதர்கள் எதற்கு, கணினியே எல்லாவற்றையும் பதிவிறக்காதா என்று கேட்கலாம். அதற்கு க்ராலர் என்ற நிரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் சில முகவரிகளைத் தருகிறோம். ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்குகிறது, அதிலுள்ள லிங்க்குகளைப் படிக்கிறது, புதியவற்றைத் தன் வரிசையில் சேர்த்துக்கொண்டு அடுத்ததற்குப் போகிறது. சர்வரிடம் என்ன கேட்டது, சர்வர் என்ன பதில் தந்தது, எந்த நொடியில் தந்தது என்பதையெல்லாம் சேர்த்து ‘வார்க்’ என்ற வடிவக் கோப்பில் எழுதி வைக்கிறது. லிங்க் இருக்கும் இடமெல்லாம் அது போகும். லிங்க் இல்லாத இடத்தில் நின்றுவிடும்.

முக்கியமான அரசுத் தரவுகள் பல அந்த லிங்க் இல்லாத இடத்தில்தான் இருக்கின்றன. ஒரு தளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஆண்டைக் குறித்து, பொத்தானை அழுத்தினால் அட்டவணை வருகிறது. அழுத்துவதற்கு முன் அப்படியொரு பக்கம் உலகில் எங்கும் கிடையாது. தரவுத்தளத்தின் உள்ளிருந்து அந்தக் கணத்தில் பிறக்கிறது. ஊடாடும் வரைபடங்களும் அப்படியே. க்ராலர் அங்கே போனால், வெறும் படிவத்தைப் படம்பிடித்துக்கொண்டு திரும்பும். பின்னாளில் காப்பகத்தைத் திறந்து பார்ப்பவருக்குத் தலைப்பு தெரியும், பொத்தான் தெரியும், அழுத்தினால் ஒன்றும் வராது. அதனால் மனிதர்கள் உட்கார்ந்து, எந்தப் பக்கத்தை க்ராலரிடம் விடலாம், எதற்குத் தனியாக ஸ்கிரிப்ட் எழுத வேண்டும் என்று பிரித்தார்கள். மீட்பு வேலையின் பெரும்பகுதி இந்தப் பிரித்தெடுப்புதான்.

2017இல் அஞ்சிய அளவுக்குத் தரவுகள் அழிக்கப்படவில்லை. மாறியது விளக்கப் பக்கங்கள்தான். ஏப்ரல் 28 அன்று சுற்றுச்சூழல் முகமை தன் காலநிலை மாற்றப் பக்கங்களை எடுத்துவிட்டது. அடிப்படை அளவீடுகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. அதனால் அந்த உழைப்பு வீணா என்றால், எட்டு ஆண்டு கழித்து அதற்கான பதில் கிடைத்தது.

*

2025 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை. பாலின அடையாளம் குறித்து, மீண்டும் அதிபரான டிரம்ப் பிறப்பித்த ஆணையைச் செயல்படுத்தும்படி, அரசுத் துறைகளுக்கு அன்று மாலை 5 மணி வரை கெடு கொடுக்கப்பட்டிருந்தது. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் தளத்தில் பக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. எச்.ஐ.வி. தடுப்பு பற்றிய மருத்துவக் குறிப்புகள், பேரிடர்க் காலத்தில் எந்தப் பகுதி மக்கள் அதிகம் பாதிக்கப்படுவர் என்று காட்டும் குறியீடு, உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் 1991 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் உடல்நல ஆய்வு எல்லாம் எட்டாமல் போயின.

அந்த மாணவர் ஆய்வைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். கோப்பைத் திறந்தால் கண்ணுக்குப் படுவது எண்களின் காடு. ஒரு வரி ஒரு மாணவர். ஒரு நெடுவரிசை ஒரு கேள்வி. ஒரு நெடுவரிசையில் 4 என்று இருக்கிறது. அது என்ன 4? காரில் போகும்போது சீட் பெல்ட் அணிகிறாயா என்ற கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பதிலிருந்து ‘எப்போதும்’ வரை ஐந்து விடைகள், அவற்றில் நான்காவது. இதைச் சொல்வது குறியீட்டு விளக்கநூல் என்ற வேறொரு கோப்பு. கேள்விகளின் வரிசை எண் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், ஒவ்வோர் ஆண்டுக்கும் தனி விளக்கநூல் வேண்டும். அதோடு ஒவ்வொரு வரிக்கும் ஓர் எடை எண் உண்டு. நாடு முழுவதற்குமான கணக்கைப் போடும்போது, மாதிரியில் வந்த ஒரு மாணவரின் பதிலுக்கு மற்றவர்களோடு ஒப்பிட எவ்வளவு கனம் தர வேண்டும் என்று சொல்வது அது. அந்த எடை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பது மூன்றாவது ஆவணத்தில் இருக்கிறது.

எண் கோப்பை மட்டும் காப்பாற்றி மற்ற இரண்டையும் விட்டுவிட்டால், கையில் இருப்பது படிக்க முடியாத ஒன்று. அவசரத்தில் இயங்கும் தன்னார்வலர்களுக்கு அடிக்கடி நேரும் இழப்பு இதுதான். பெரிய கோப்பு கண்ணில் படும், பக்கத்தில் ஒரு மூலையில் கிடக்கும் சிறிய பி.டி.எஃப். படாது. தரவைப் பற்றிய இந்தத் தரவை மீத்தரவு என்கிறார்கள். என் கருத்தில், இரண்டில் ஒன்றைத்தான் முதலில் எடுக்க முடியும் என்றால் விளக்கநூலைத்தான் எடுக்க வேண்டும். எண்கள் ஏற்கெனவே யாராவது ஒரு மாணவரின் கணினியில் இருக்க வாய்ப்புண்டு. விளக்கநூலைப் பத்திரப்படுத்துவோர் குறைவு.

இம்முறை ஆயத்தம் இருந்தது. சி.டி.சி.யின் தரவுத் தளத்திலிருந்த தொகுப்புகளை, நீக்கம் நடக்கச் சில நாட்களுக்கு முன்பே பதிவிறக்கி இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றிவிட்டார்கள். ‘அமெரிக்காவுக்கான டாக்டர்கள்’ என்ற மருத்துவர் அமைப்பு வழக்குப் போட்டது. பொதுமக்கள் நம்பியிருக்கும் தகவலை முன்னறிவிப்பு இன்றி அரசு நிறுத்தக்கூடாது என்று அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது மருத்துவர் திறக்கும் பக்கம் காணாமல் போனால் யாருக்குப் பாதிப்பு என்பதை அவர்கள் நீதிமன்றத்தில் எடுத்துவைத்தார்கள். பிப்ரவரி 11 அன்று நீதிபதி ஜான் பேட்ஸ் பக்கங்களைத் திரும்ப வைக்க உத்தரவிட்டார். பக்கங்கள் திரும்பின, அவற்றில் சிலவற்றின் தலையில் இந்த உள்ளடக்கத்தை அரசு ஏற்கவில்லை என்ற அறிவிப்போடு. இதேபோல் வேளாண்மைத் துறை தன் காலநிலைப் பக்கங்களை நீக்கியபோது, நியூயார்க்கின் இயற்கை விவசாயிகள் சங்கம் சுற்றுச்சூழல் அமைப்புகளுடன் சேர்ந்து வழக்குக்குப் போனது. மே மாதம் அரசு அவற்றைத் திரும்ப வைக்க ஒப்புக்கொண்டது.

*

எது ஆபத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? அமெரிக்க அரசின் தரவு வாசல் என்று பெயர்பெற்ற தளம் டேட்டா.காவ். 2009இல் தொடங்கியது. மூன்று லட்சத்துக்கும் அதிகமான தரவுத்தொகுப்புகள் அதில் உள்ளன என்பார்கள். உண்மையில் அதில் இருப்பது பட்டியல். தொகுப்பின் பெயர், விளக்கம், எந்தத் துறையின் சர்வரில் இருக்கிறது என்ற லிங்க், அவ்வளவுதான். 2025 தொடக்கத்தில் அந்தப் பட்டியலின் மொத்த எண்ணிக்கை சுமார் 2,000 குறைந்தது என்று செய்திகள் வந்தன. கேட்டவர்கள் பதறினார்கள். ஆனால் அந்த எண் சாதாரண நாட்களிலும் ஏறி இறங்குவது. ஒரு துறை சர்வரை மாற்றினால் குறையும், பழைய பதிப்புகளை ஒன்றாக்கினால் குறையும். பட்டியலில் இருந்து போனது வேறிடத்தில் உயிரோடு இருக்கலாம். பட்டியலில் இருப்பதன் லிங்க் செத்தும் போயிருக்கலாம். எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் தீர வேண்டும்.

ஹார்வர்ட் சட்டக் கல்லூரியின் நூலகப் புத்தாக்க ஆய்வகம் அதைத்தான் செய்தது. பட்டியலோடு நிற்காமல் லிங்க்குகளின் வழியே போய்க் கோப்புகளையும் எடுத்தது. 2025 பிப்ரவரியில் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் 3,11,000க்கும் மேற்பட்ட தரவுத்தொகுப்புகள், மொத்தம் 16 டெராபைட். அதே மாதம், நூலகர்களும் சமூக அறிவியல் தரவு வல்லுநர்களும் சேர்ந்து ‘டேட்டா ரெஸ்க்யூ புராஜெக்ட்’ என்ற கூட்டுமுயற்சியைத் தொடங்கினார்கள். யார் எதை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்ற பொதுப் பதிவேடுதான் அவர்கள் தந்த பெரிய கொடை. அது இல்லாவிட்டால், புகழ்பெற்ற நாற்பது தொகுப்புகளை ஆளாளுக்குப் பிரதி எடுப்பார்கள், யாருக்கும் பெயர் தெரியாத ஒன்று கேட்பாரின்றிப் போகும்.

வரிசை வகுக்கும்போது அனுபவசாலிகள் சில கேள்விகளைக் கேட்கிறார்கள். வேறெங்கும் பிரதி உண்டா? சேகரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா, அல்லது ஓர் அதிகாரியின் விருப்பத்தில் நடக்கிறதா? இதைப் பராமரிப்பது ஒரு பெரிய குழுவா, ஓய்வுபெறும் வயதில் இருக்கும் ஒரே ஒரு ஊழியரா? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அரசியல் பகையால் போகும் தரவு செய்தியாகிறது. ஆள் குறைப்பாலும், சர்வருக்குப் பணம் கட்டாததாலும், பழைய மென்பொருள் செயலிழப்பதாலும் போகும் தரவு சத்தமில்லாமல் போகிறது.

*

பிரதி எடுத்தாயிற்று. அது உண்மையான பிரதிதானா? ஐந்து ஆண்டு கழித்து, நீங்கள்தான் எண்களைத் திருத்தினீர்கள் என்று அரசே குற்றம்சாட்டினால் என்ன பதில்?

கணிதத்தில் இதற்கு ஒரு கருவி உண்டு. எஸ்.ஹெச்.ஏ-256 என்ற ஹாஷ் கணக்கு. எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் அது 64 எழுத்து நீளமுள்ள ஒரு குறியைத் தரும். அதே கோப்புக்கு எத்தனை முறை கணக்கிட்டாலும் அதே குறிதான் வரும். கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினால் குறி முற்றிலும் வேறாகிவிடும். வரக்கூடிய குறிகளின் எண்ணிக்கை 78 இலக்கம் கொண்ட எண். அதனால் இருவேறு கோப்புகளுக்கு ஒரே குறி தற்செயலாக அமையும் என்று கவலைப்பட வேண்டியதில்லை.

நாடாளுமன்ற நூலகமும் கலிஃபோர்னியா டிஜிட்டல் நூலகமும் உருவாக்கிய ‘பேக்இட்’ என்ற முறை இதன் மேல் அமைந்தது. பெயருக்கேற்ப ஒரு பை. பையின் உள்ளே ஒரு கோப்புறையில் தரவுக் கோப்புகள் அத்தனையும் இருக்கும். பக்கத்தில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு, அதில் வரிக்கு ஒரு கோப்பின் பெயரும் அதன் ஹாஷ் குறியும். இன்னொன்றில் பை எந்தப் பதிப்பு விதிப்படி கட்டப்பட்டது என்று இரண்டே வரி. மற்றொன்றில் எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதி, யார் கட்டியது. எந்தச் சிறப்பு மென்பொருளும் இல்லாமல் திறந்து படிக்கலாம். ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் கண்டெடுத்தாலும், ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் கணக்கிட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டால், வழியில் ஏதாவது கெட்டதா என்று தெரிந்துவிடும்.

ஆனால் ஹாஷுக்கு ஓர் எல்லை உண்டு. பை கட்டிய நாளிலிருந்து கோப்பு மாறவில்லை என்றுதான் அது சொல்லும். கட்டும் முன்பே கைவைத்திருந்தால் கண்டுபிடிக்காது. நிலம் வாங்குபவர் கிரயப் பத்திரத்தை மட்டும் பார்த்து நம்புவதில்லை. மூலப்பத்திரம் கேட்பார், வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார், யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற தொடர் அறுபடாமல் இருக்கிறதா என்று ஆராய்வார். தரவுப் பிரதிக்கும் அந்தத் தொடர் வேண்டும். அதனால்தான் ஹார்வர்ட் குழு தன் தொகுப்புகளுக்கு டிஜிட்டல் கையொப்பமும் நேர முத்திரையும் இட்டது. ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் வெவ்வேறு ஊர்களிலிருந்து எடுத்த பிரதிகளின் ஹாஷ் ஒன்றாக இருந்தால், அதைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை.

இது வெறும் எச்சரிக்கை உணர்வு என்று நினைப்பவர்கள் 2025 ஜூலையில் லான்செட் இதழில் வந்த ஆய்வைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டின் முதல் மாதங்களில் திருத்தப்பட்டவை என்று குறிக்கப்பட்டிருந்த அரசு உடல்நலத் தரவுத்தொகுப்புகள் 232ஐ எடுத்து, காப்பகங்களில் இருந்த பழைய பிரதிகளோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 114இல் குறிப்பிடத்தக்க மாற்றம் இருந்தது. மிகப் பெரும்பாலானவற்றில் ‘பாலினம்’ என்ற சமூகப் பொருளுள்ள சொல்லை எடுத்துவிட்டு, உயிரியல் பொருளுள்ள சொல்லை வைத்திருந்தார்கள். மாற்றியதைக் குறித்து வைத்தவை வெகுசிலவே. இதன் அபாயம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஆய்வில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று. அட்டவணையின் தலைப்பு இப்போது சொல்வது வேறொன்று. எண்கள் மாறவில்லை, அவை எதன் எண்கள் என்பது மாறிவிட்டது. நீக்கப்பட்ட பக்கம் தன் இல்லாமையை அறிவிக்கிறது. மாற்றப்பட்ட பக்கம் ஒன்றும் சொல்வதில்லை. பழைய பிரதி ஒன்று வெளியில் இருந்ததால்தான் இது தெரிந்தது.

*

எல்லாவற்றையும் பிரதி எடுத்துப் பரப்பிவிடுவதும் சரியில்லை. இதற்கான எடுத்துக்காட்டு நமக்கு மிக அருகில் இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை, குழந்தைகளில் எத்தனை பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லை, எத்தனை பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன என்று நாம் பேசும்போது சொல்லும் எண்கள் தேசிய குடும்ப நல ஆய்விலிருந்து வருபவை. 1992-93இல் தொடங்கிய அந்த ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது. நடத்துவது மும்பையிலுள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். ஆனால் ஆய்வாளர்கள் அதன் வீட்டுவாரியான தரவை இத்தனை காலம் பெரும்பாலும் வாங்கி வந்தது ஓர் அமெரிக்கத் தளத்திலிருந்து. 1984 முதல் அமெரிக்க வளர்ச்சி உதவி முகமையின் பணத்தில் நடந்த மக்கள்தொகை, உடல்நல ஆய்வுத் திட்டம் 90 நாடுகளுக்கு மேல் இத்தகைய ஆய்வுகளுக்கு உதவி, தரவைப் பொதுவான ஒரு வடிவத்தில் வைத்திருந்தது. 2025 தொடக்கத்தில் வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டபோது அதுவும் நின்றது. தளம் இருந்தது, புதிதாக விண்ணப்பித்தவர்களுக்கு அனுமதி தர ஆள் இல்லை. சென்னையிலோ மதுரையிலோ முனைவர் பட்டத்துக்கு அந்த ஆண்டு பதிவு செய்த ஒரு மாணவிக்கு, தன் மாநிலத்துப் பெண்களின் தரவு வாஷிங்டன் முடிவொன்றால் எட்டாமல் போகக்கூடியது என்பது புதிய செய்தியாக இருந்திருக்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் அள்ளி இணையத்தில் கொட்டியிருக்கலாமே? கூடாது. அந்தக் கோப்புகளில், கணவன் அடித்தானா என்ற கேள்விக்கு ஒரு பெண் தனியறையில் நம்பிச் சொன்ன பதில் இருக்கிறது. அவளைக் கண்டுபிடித்துவிடாதபடி, ஊரின் இருப்பிடப் புள்ளியை நகர்ப்புறத்தில் 2 கிலோமீட்டர் வரையும், கிராமப்புறத்தில் பொதுவாக 5 கிலோமீட்டர் வரையும் வேண்டுமென்றே நகர்த்தி வைக்கிறார்கள். யார் வாங்குகிறார்கள், எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். அந்தக் காவலும் தரவின் ஒரு பகுதி. இவ்வகைத் தரவைக் காப்பாற்ற வேண்டியவர்கள் தன்னார்வலர்கள் அல்லர், அதே காவலோடு வைத்திருக்கும் தகுதியுள்ள வேறு நிறுவனங்கள். ஒவ்வொரு நாடும் தன் மக்களின் மூலத்தரவைத் தன் நாட்டிலும் அதே வசதியோடு வைத்திருக்க வேண்டும் என்று நான் கருதுவதற்கு இந்த நிகழ்வு போதுமான காரணம்.

சட்டமும் இதில் பங்கெடுக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் படைப்புகளுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. அதனால்தான் இத்தனை பேர் துணிந்து பிரதி எடுக்க முடிந்தது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் படைப்புக்கு 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. 2017இல் வந்த அரசுத் திறந்த தரவு உரிமம், அதன்கீழ் வெளியிடப்படுபவற்றை மறுபயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது நல்ல முன்னேற்றம். அதற்கு வெளியே இருக்கும் மாவட்ட அலுவலகப் பி.டி.எஃப்.களைப் பிரதி எடுத்து வெளியிட நினைப்பவர் விதிவிலக்குகளைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

*

பிரதிகள் பத்திரமாக இருந்தாலும் தீராத ஒரு குறை உண்டு. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா, நூறு கோடி டாலருக்கு மேல் சேதம் விளைவித்த பேரிடர்களின் தரவுத்தளம் ஒன்றை வைத்திருந்தது. 1980 முதல் 2024 வரை 403 பேரிடர்கள். 2025 மே மாதம், இனி இதைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று நோவா அறிவித்தது. பழைய அட்டவணையை யாரும் அழிக்கவில்லை. ஆனால் 2025இன் லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீக்கு அதில் வரி இல்லை.

அந்த வரியைச் சேர்ப்பது எளிதல்ல. காப்பீட்டு நிறுவனங்களின் இழப்பீட்டுக் கணக்கு, பயிர்க் காப்பீடு, அரசின் நிவாரணச் செலவு என்று பல இடங்களிலிருந்து எண்களைத் திரட்டி, காப்பீடு இல்லாதவர்களின் இழப்பை மதிப்பிட்டு, பணவீக்கத்துக்கு ஏற்பப் பழைய ஆண்டுகளையும் திருத்த வேண்டும். அந்த நுணுக்கமெல்லாம் பல ஆண்டுகளாக அதை நடத்திவந்த ஆடம் ஸ்மித் என்ற விஞ்ஞானியின் கையில் இருந்தது. ‘கிளைமேட் சென்ட்ரல்’ என்ற தனியார் ஆய்வு அமைப்பு அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டு, 2025 அக்டோபரில் தரவுத்தளத்தை மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டின் முதல் ஆறு மாதங்களில் 14 பேரிடர்கள், சுமார் 10,140 கோடி டாலர் சேதம் என்று புதிய வரிகள் சேர்ந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயும் அதில் ஏறியது. இங்கே காப்பாற்றப்பட்டது கோப்பு இல்லை, கணக்கிடத் தெரிந்த ஆள்.

செயற்கைக்கோள் அளவீடுகளில் ஆளை எடுத்துக்கொண்டாலும் போதாது. வட, தென் துருவங்களின் கடல்பனிப் பரப்பு 1970களின் இறுதியிலிருந்து இடைவிடாமல் அளக்கப்பட்டு வருகிறது. கொலராடோவிலுள்ள தேசியப் பனித் தரவு மையம் அதற்கு நம்பியிருந்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் செயற்கைக்கோள்களை. 2025 ஜூனில், அந்தத் தரவு வழங்கல் சில நாட்களில் நிற்கும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்தபின் 2026 செப்டம்பர் வரை நீட்டித்தார்கள். அதற்குள் மையம் ஜப்பானின் அம்ஸர்-2 கருவிக்கு மாறும் வேலையில் இறங்கியது. இரண்டு கருவிகள் ஒரே பனியைச் சற்றே வெவ்வேறாகப் பார்க்கும். புதியதன் எண்ணைப் பழையதன் பக்கத்தில் அப்படியே ஒட்டினால், கருவி மாறியதால் வந்த வேறுபாடு பனி உருகியதாகவோ கூடியதாகவோ காட்டிவிடும். அதனால் இரண்டும் ஒரே காலத்தில் ஒரே பனியை அளந்த ஆண்டுகளின் பதிவுகளை எடுத்து, நாள் நாளாக ஒப்பிட்டு, எவ்வளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று கணக்கிட வேண்டும். அம்ஸர்-2 விண்ணில் ஏறியது 2012இல். இரண்டு கருவிகளும் பத்தாண்டுக்கும் மேலாக அருகருகே அளந்துகொண்டிருந்தன, அந்த ஆண்டுகளின் பதிவுகள் முழுசாக இருக்கின்றன. ஒப்பிடும் வேலை அவற்றிலிருந்துதான் தொடங்கியது.